ஏடு காத்தல் பற்றாகுமா?

பற்று நீங்கினாலன்றி வீடுபேறில்லை என்பது நம் அறநெறியின் அடிப்படை. அங்ஙனமாயின், மறைந்த ஓர் அறிஞரின் கையெழுத்துப்படிகளையும் கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் பெட்டியில் இட்டுப் போற்றுவது அபரிக்கிரகத்துக்கு மாறாகாதா? பழந்தாள்களைச் சுமப்பதும் ஒரு சுமைதானே? இவ்வினா நம் இல்லங்களிலும் எழுவதால், இதனைச் சற்று ஆராய்வோம்.

கர்நாடகத்து ஹாசனில் 1908-ல் பிறந்த ராஜா ராவ் ஆங்கிலத்தில் எழுதிய நாவலாசிரியர். 1938-ல் வெளிவந்த 'காந்தபுரா'வும், பாம்பும் கயிறும் என்று பொருள்படும் பெயருடன் 1960-ல் வெளிவந்த நாவலும் அவருக்குப் புகழ் சேர்த்தன. 1966 முதல் பல ஆண்டுகள் அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியராக விளங்கி, 2006-ல் ஆஸ்டின் நகரில் மறைந்தார். அவர்தம் கையெழுத்துப்படிகளும் கடிதங்களும் அச்சேறாத எழுத்துகளும் அப்பல்கலைக்கழகத்தின் ஹாரி ரான்சம் மையத்தைச் சேர்ந்த செய்தி 2016-ல் வெளியாயிற்று. ஒருவர் வீட்டில் இருந்த தாள்கள் ஆய்வாளர் பலருக்கும் உரியவையாயின.

காவாது விட்டால் நேர்வது யாது என்பதைத் தருமபுரி மாவட்டத்தில் வாழும் நமக்குப் பிறர் சொல்ல வேண்டுவதில்லை. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் ஆண்ட இவ்வூரில் நிகழ்ந்த போரைப் பாடிய 'தகடூர் யாத்திரை' முழுமையாக நமக்குக் கிட்டவில்லை. 'புறத்திரட்டு' முதலிய பிற நூல்களில் எடுத்தாளப்பட்டமையால் சில பாடல்கள் மட்டுமே எஞ்சின. எவரும் அந்நூலை அழிக்க எண்ணியிருக்க வேண்டுவதில்லை. படியெடுக்கும் கை ஓய்ந்தாலே ஓலை மடிந்துவிடும்.

இதே தகடூரில் மாறான சான்றும் உண்டு. 9-ஆம் நூற்றாண்டில், நுளம்ப மன்னன் மகேந்திரன் காலத்தில், நிதியண்ணன், சந்தியண்ணன் என்னும் உடன்பிறந்தார் இருவர் இங்கு ஒரு ஜினாலயம் எழுப்பினர் என்று கல்வெட்டு கூறுகிறது. கட்டியதோடு அவர்கள் அமையவில்லை. பழுது பார்த்தற்கும் வழிபாட்டுக்குமாக ஓர் ஊரின் வருவாயும் ஒதுக்கப்பெற்றது. தமக்குப்பின் அதனைக் காப்பவர் யார் என்ற வினாவுக்கும் விடை வைப்பதே நிறைவான தானம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இனி வினாவுக்கு வருவோம். பொருள் கையில் இருப்பது பரிக்கிரகமன்று, 'எனது' என்னும் மயக்கமே பரிக்கிரகம் என்பது உமாஸ்வாதி ஆசாரியர் காட்டும் தெளிவு. எனவே காத்தல், பற்று எனும் இரண்டையும் பிரித்தறிய ஓர் உரைகல் உண்டு: காத்தது யாருக்காக? மூடபித்ரியில் தவள நூல்களின் ஓலைச்சுவடிகள் பல நூற்றாண்டுகள் காக்கப்பெற்றன. அதற்கு நாம் என்றும் கடன்பட்டுள்ளோம். ஆயினும் அவை நெடுங்காலம் தரிசனத்துக்கே உரியனவாய் இருந்தன. 1939 முதல் அச்சேறிய பின்னரே கற்பார் கைக்கு எட்டின. பூட்டியே வைத்தால் காப்பும் பற்றாகக்கூடும். கற்பார்க்குத் திறந்தால் அதுவே சாத்திரதானம். கயிற்றைப் பாம்பென்று அஞ்சி எறிவது எத்துணைப் பேதைமையோ, அத்துணைப் பேதைமை பற்றுக்கு அஞ்சி ஏட்டை எறிவதும்.

ஆனால் எல்லாவற்றையும் உடனே திறந்துவிடலாமா? ஒருவர் நம்பி எழுதிய கடிதத்தில் அவர்தம் துயரும் குடும்பச் செய்தியும் இருக்கும். அதனை வெளியிட்டு உயிரோடிருப்பவர் மனத்தைப் புண்படுத்துவது இம்சையே. அத்தகைய கடிதங்களைக் குறித்த ஆண்டுவரை மூடி வைப்பது ஆவணக் காப்பகங்களின் வழக்கம். நம் பெருமைக்காக மூடுவது வேறு. பிறர் நோவாமைக்காக மூடுவது வேறு. எரித்தது மீளாது, மூடியதோ உரிய காலத்தில் திறக்கும். ஆதலின், ஐயம் எழும்போது எரியாமல் மூடி வைப்பதே அறிவுடைமை.

பூச்சி பற்றிய ஐயமும் நம்மவர்க்கு இயல்பு. ஏட்டைக் காக்க உயிர்க்கொலை வேண்டுமோ எனின், வருமுன் காத்தலே நம் நெறிக்கு ஏற்றது. ஈரம் படாத, காற்றோட்டமுள்ள இடம், தூய துணி உறை, துருப்பிடிக்கும் குண்டூசியை நீக்கல், அடிக்கடி எடுத்துத் துடைத்துப் பார்த்தல் ஆகியவை பூச்சி குடியேறாமல் தடுக்கும். நம் முன்னோர் சுவடிக்கட்டில் வசம்பு வைத்ததும் அணுகாமல் விலக்கவே.

பெருமக்களே! உங்கள் இல்லத்துப் பரணிலும் பாட்டனார் படியெடுத்த தோத்திர ஏடோ, பழைய கடிதக் கட்டோ இருக்கலாம். வீடு மாறும்போதோ வெள்ளையடிக்கும்போதோ அதனைப் பழைய தாள் கடைக்கு எடை போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். எழுதியவர் யார், எவ்வூர், எவ்வாண்டு என்று ஒரு தாளில் குறித்து உடன் வையுங்கள். வீட்டில் காக்க இயலாதெனில், காத்துப் பிறர்க்கும் காட்டும் நூலகத்துக்கு அளியுங்கள். அங்ஙனம் அளிக்கும் கணத்தில் ஏடும் நிலைக்கும், 'எனது' என்பதும் நீங்கும். சுருத பஞ்சமியன்று ஏட்டுக்கு மலரிடும் நாம், அதனை அடுத்த தலைமுறை படிக்கவும் வழி செய்வோமாக.