சூடு எங்கே போகிறது?

ஏப்ரல் பிறந்தால் போதும், ஊரிலிருந்து எனக்கு ஒரே மாதிரியான வாய்ஸ் மெசேஜ்கள் வரத் தொடங்கிவிடும். ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ யாராவது ஒருவர், பிள்ளைகளின் முழுப்பரீட்சை முடிந்த கையோடு துபாய் வரத் திட்டம் போட்டிருப்பார். “டிக்கெட் போட்டாச்சு. அஞ்சு நாளு. புள்ளைகளக் கூட்டிக்கிட்டு எங்கிட்டுப் போறது?” பத்து வருடங்களுக்கு மேலாகத் துபாயில் இருப்பதால் இந்த விஷயத்தில் என்னை ஒரு நிபுணனாகவே ஆக்கிவிட்டார்கள்.

என் முதல் பதில் எப்போதும் வெயிலைப் பற்றித்தான் இருக்கும். நம்மூர்ப் பள்ளி விடுமுறையும் துபாயின் நல்ல பருவமும் சேரவே சேராது. நவம்பரிலிருந்து மார்ச் வரை மாலையில் வெளியே நடக்கலாம். நம்மவர்கள் வந்து இறங்கும் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். குளோபல் வில்லேஜ் அக்டோபரில் திறந்து மே மாதத்தில் மூடிவிடும். மிராக்கிள் கார்டனின் பூக்களும் கோடை தாங்காது. மிஞ்சுவது கூரைக்குக் கீழே இருப்பவை. 2005ல் திறந்த ஸ்கி துபாய்: ஒரு ஷாப்பிங் மாலுக்குள் 400 மீட்டர் பனிச்சரிவு, போதாததற்குப் பென்குவின்கள். 2016ல் திறந்த ஐஎம்ஜி வேர்ல்ட்ஸ். பக்கத்து அபுதாபியில் 2010ல் ஃபெராரி வேர்ல்டு, 2018ல் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு. தண்ணியில் விளையாட வேண்டுமென்றால் வைல்ட் வாடி, அக்வாவெஞ்சர். ஒரு நாளைக்கு ஒரு பூங்காவுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள். சின்னப் பிள்ளைகளை வாசலில் உயரக்கோலில் நிறுத்தி அளப்பார்கள். எட்டவில்லை என்றால் அழுகை நிச்சயம், அதனால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இவ்வளவையும் சொல்லிவிடுவேன். விலை, வயது, உயரம் மூன்றையும் கூட்டிக் கழித்தால் விடை வந்துவிடுகிற கணக்கு இது. திரும்பத் திரும்ப இதையே சொல்லிக்கொண்டிருந்ததில், கணக்குக்குள் வராத ஒன்று உறுத்த ஆரம்பித்தது. ஒரு குடும்பம் தன் சந்தோஷத்துக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கூடவே வேறு எதைத் தேர்ந்தெடுக்கிறது?

*

முதலில் ‘குடும்பம்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘குடும்பத்தோடு செல்ல ஏற்ற இடம்’ என்று எந்தப் பூங்காவின் விளம்பரத்திலும் இருக்கும். ஊரில் படித்தால் அதில் ஒன்றும் தோன்றாது. துபாயில் அதற்குத் தனி அர்த்தம் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தில் வேலை செய்கிறவர் மனைவி மக்களைத் தன் பொறுப்பில் அழைத்து வைத்துக்கொள்ள மாதச் சம்பளம் 4000 திர்ஹாம் இருக்க வேண்டும். அல்லது 3000 திர்ஹாமும் தங்குமிடமும். கட்டிட வேலைக்கும் துப்புரவு வேலைக்கும் வந்தவர்களில் பெரும்பாலோர் அதைத் தொடுவதில்லை. துபாயின் மக்கள் தொகையில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆண்கள் என்பது இதன் நேரடி விளைவு. ஊரில் மூன்று பிள்ளைகள் இருந்தாலும் அந்த ஆண்களுக்கு இங்கே பெயர் ‘பேச்சிலர்’தான். குளோபல் வில்லேஜில் வாரத்தில் ஒரு நாள் குடும்பங்களுக்கும் பெண்களுக்கும் மட்டும் என்று ஒதுக்குவார்கள். பெண்களுக்கு அது நிம்மதியான நாள் என்பதும் உண்மை. ஆனால் அன்றைக்கு வெளியே நிற்பவனுக்கும் குடும்பம் இருக்கிறது, அதைக் கூட்டிவரும் சம்பளம்தான் இல்லை.

பெரிய பூங்காக்களில் ஆளுக்கு 300 திர்ஹாமை ஒட்டி நுழைவுச்சீட்டு. நால்வருக்கு 1200. கட்டிட வேலை செய்கிற பலருக்கு ஒரு மாத அடிப்படைச் சம்பளமே அதையொட்டித்தான் வரும்.

ராஜபாளையத்துக்குப் பக்கத்துச் சத்திரப்பட்டிக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். பேண்டேஜ் துணி நெய்கிற ஊர் அது. தறியை விட்டுவிட்டு வந்து இங்கே குளிரூட்டிக் குழாய் வேலை பார்க்கிறார். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். இப்படியொரு மூடிய பூங்காவின் கூரையில் ஒரு கோடை முழுக்க வேலை செய்திருக்கிறார். உள்ளே விளையாட்டுகளைப் பார்த்தீர்களா என்று கேட்டேன்.

“உள்ள போனதில்ல தம்பி. மேலதான் வேல.”

“உள்ள நல்ல குளிரு அண்ணாச்சி.”

சிரித்துவிட்டுச் சொன்னார்: “குளிரெல்லாம் ஒண்ணும் உண்டாகுறதில்ல தம்பி. உள்ள இருக்குற சூட்ட எடுத்து வெளிய தள்ளுறோம். அம்புட்டுதான்.”

அவர் தத்துவம் எதுவும் பேசவில்லை. பள்ளிக்கூட இயற்பியல் அது. குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கம் கை வைத்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே போகிற ஒவ்வொரு டிகிரிக்கும் வெளியே ஒரு கூரை கூடுதலாகக் கொதிக்கும். அந்தக் கூரையில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார்.

2005 முதல் இங்கே கோடையில் திறந்தவெளி வேலைக்கு மதிய இடைவேளை கட்டாயம். ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரை, பகல் 12.30லிருந்து 3 மணி வரை, யாரையும் வெயிலில் வேலை வாங்கக் கூடாது. நல்ல சட்டம். ஊரிலிருந்து விருந்தாளிகள் வருகிற மே மாதத்தில் அது இன்னும் தொடங்கியிருக்காது.

*

இந்த இடத்தில் இரண்டு சுலபமான பதில்கள் கையை நீட்டும். ஒன்று குற்ற உணர்வு: ‘இத்தனை பேர் வெந்துகொண்டிருக்கும்போது நமக்கென்ன பனிச்சறுக்கு?’ இது உயர்ந்ததாகத் தோன்றும். ஆனால் என் அக்கா பிள்ளைகள் பூங்காவுக்குப் போகாமல் இருந்தால் அண்ணாச்சியின் கூரை அரை டிகிரி குறையாது. அந்தப் பூங்காக்களை நம்பிச் சீட்டுக் கிழிப்பவரும் தரை துடைப்பவரும் நேபாளத்துக்கும் பிலிப்பைன்ஸுக்கும் பணம் அனுப்புகிறவர்கள். நம் மனசைச் சுத்தமாக வைத்துக்கொள்ள அவர்களுடைய வருமானத்தைப் பணயம் வைப்பதில் என்ன அறம் இருக்கிறது?

இன்னொன்று, ‘அவங்களாத்தான வந்தாங்க? யாரு கட்டாயப்படுத்துனா?’ என்பது. மச்சான் இதைச் சொன்னார். அக்காவும் தேர்ந்தெடுக்கிறாள், அண்ணாச்சியும் தேர்ந்தெடுத்தார் என்று இரண்டையும் ஒரே சொல்லால் சொல்லிவிட முடிகிறது. அக்காவின் முன்னால் ஆறு பூங்காக்கள் இருந்தன. எதுவும் பிடிக்கவில்லையென்றால் வீட்டிலேயே இருக்கலாம். அண்ணாச்சியின் முன்னால் இருந்தவை இரண்டு: ஓடாத தறி, கொதிக்கிற கூரை. வேண்டாம் என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிற வசதி அவருக்கு இல்லை.

எண்ணெய் வருவதற்கு முந்தைய வளைகுடாவையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். அப்போது முத்துக்குளிக்கும் பெரிய பருவம் ஜூனிலிருந்து செப்டம்பர் வரைதான். வசதியுள்ள குடும்பங்கள் அந்த மாதங்களில் கடற்கரையை விட்டு உள்நாட்டுப் பேரீச்சந்தோப்புகளின் நிழலுக்குப் போய்விடும். ஆண்கள் படகில் கிடந்து மூழ்கிக்கொண்டிருப்பார்கள். சூட்டை யார் தலையில் தள்ளுவது என்கிற ஏற்பாடு, குளிரூட்டி வருவதற்கு முன்பே இருந்தது.

*

இவ்வளவும் யோசித்தபின் ஊர்ப்பாசம் வந்து ஒரு பதிலைச் சொல்லும். நம்ம ஊரில் இப்படியா? ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ரத வீதிகளில் வரும்போது சீட்டு யார் கேட்டார்கள்? எந்தத் திருவிழாவுக்குப் போகலாம் என்று யாராவது ஒப்பிட்டுப் பார்த்தார்களா? நாள் வந்தது, ஊர் கூடியது, வடம் கிடந்தது, கை வைத்தோம். அய்யனார் கோயில் ஆற்றில் குளிக்கவும் குற்றாலத்தில் சாரலில் நிற்கவும் உயரக்கோல் கிடையாது. சந்தோஷம் என்பது விலை கொடுத்துத் தேர்ந்தெடுப்பதாக இல்லாமல் தானாக வந்து சேர்வதாக இருந்தது.

எனக்கும் இந்தப் பதில் ரொம்பப் பிடிக்கும். ஆனால் அதை அப்படியே விட்டுவிட முடியாது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்களை வைத்தியநாத ஐயர் அழைத்துச் சென்றது 1939 ஜூலை 8ல். அதற்கு முன்பு அத்தனை நூற்றாண்டுகளும் அந்த ‘இலவச’ இடத்துக்கு ஒரு நுழைவுச்சீட்டு இருந்தது. பிறப்பு என்ற சீட்டு. எந்தச் சம்பளத்தைக் கொடுத்தும் அதை வாங்க முடியாது. பழைய கதை என்று சொல்லவும் வழியில்லை. சிவகங்கை மாவட்டம் கண்டதேவியில் தலித் மக்கள் வடம் பிடிப்பதை ஏற்க முடியாமல் தகராறு நடந்து, தேரே பல ஆண்டுகள் நிலையில் நின்றது. 2024 ஜூனில்தான் மறுபடி ஓடியது. எல்லோருக்குமான சந்தோஷம் என்று நாம் சொல்லிக்கொண்ட இடத்திலும் உள்ளிருக்கும் சூட்டை யார் தலையிலோ தள்ளிக்கொண்டுதான் இருந்தோம்.

அந்த வகையில் காசுச்சீட்டுக்கு ஒரு நியாயம் உண்டு. துபாய்ப் பூங்கா வரிசையில் நிற்கும் யாரிடமும் ‘நீங்க எந்தத் தெரு?’ என்று கேட்பதில்லை. அந்தக் கேள்விக்குப் பயந்து வளர்ந்த ஒருவருக்கு அந்த வரிசை, விளையாட்டைவிடப் பெரிய விடுதலையாக இருக்கலாம். அதைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. ஆனால் அந்த வரிசையும் இப்போது விற்பனைக்கு வந்துவிட்டது. கூடுதல் பணம் கட்டினால் முன்னால் போகலாம். பணத்தால் வாங்கக் கூடாதவற்றைப் பற்றி மைக்கேல் சாண்டல் 2012ல் எழுதிய நூல் வரிசை தாண்டுவதிலிருந்துதான் தொடங்குகிறது. பொழுதுபோக்குப் பூங்காக்களும் அதில் வருகின்றன. காத்திருப்பதில் இருக்கும் சமத்துவம்தான் வரிசையின் ஒரே சொத்து. அதையும் விற்றுவிட்டால் மிஞ்சுவது, நம்மைத் தாண்டிப் போகிறவர்களைப் பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பது.

*

ஆக, இலவசமா காசா என்று பிரிப்பதால் விடை கிடைக்காது. வேறொரு இடத்தில் பிரிக்கலாம் என்று தோன்றுகிறது.

தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கட்டை போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். அத்தனை பெரிய தேரைத் திருப்புவதும் நிறுத்துவதும் அவர் கையில் இருக்கிறது. பிள்ளைகள் சாமியைப் பார்க்கிற அளவுக்கு அவரையும் வாய் பிளந்து பார்ப்பார்கள். வேர்வை, கத்தல், ஆபத்து எல்லாம் திருவிழாவின் உள்ளேயே, கண் முன்னால் நடக்கும். 1971ல் ஃபுளோரிடாவில் டிஸ்னி திறந்த மேஜிக் கிங்டமோ, வேலை செய்கிறவர்கள் நடமாடுவதற்கென்றே கீழே சுரங்கப்பாதைகளை வைத்துக் கட்டப்பட்டது. குப்பை போவதும், வேஷக்காரர் சாப்பிடப் போவதும் யார் கண்ணிலும் படக் கூடாது. கனவு கலையாமல் இருக்க வேண்டும் என்பது காரணம். இன்றைய பூங்காக்களின் இலக்கணத்தை எழுதியது அந்தப் பாதைதான். அங்கே நாம் வாங்குவது விளையாட்டை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. உழைப்பைப் பார்க்காமல் இருக்கிற ஒரு பார்வையையும் சேர்த்தே வாங்குகிறோம். பெரியவர்களுக்கு அது ஒரு நாள் ஓய்வு. பிள்ளைகளுக்கு அது பழக்கம்.

இந்தப் பழக்கம் துபாய்க்கு வந்துதான் தொற்ற வேண்டும் என்பதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரும் ஸ்டேட்டஸ் வைத்தோம். கொதிக்கும் பால் அடிப்பிடிக்காமல் சித்திரை வெயிலில் அடுப்புக்கு முன்னால் நின்று கிண்டுகிறவரைப் பற்றி யாரும் வைக்கவில்லை. ராஜபாளையம் பஞ்சாலைகளில் நூல் அறாமல் இருக்கக் காற்றில் ஈரம் கூட்டி வைப்பார்கள். அந்தப் புழுக்கத்தில் ஷிப்ட் முடித்து வரும் பெண்களை நாம் பஸ்ஸில் தினமும் பார்க்கிறோம். என்ன புழுக்கம் என்று கேட்டதில்லை.

அதனால் இப்போதெல்லாம் ஊரிலிருந்து கேட்பவர்களுக்குப் பூங்காப் பட்டியலைச் சொல்வதோடு நிறுத்துவதில்லை. தாராளமாக ஒரு பூங்காவுக்குப் போங்கள், பிள்ளை முதன்முதலாகப் பனியைத் தொடுகிற முகத்தைக் குற்ற உணர்வில்லாமல் பாருங்கள் என்கிறேன். இன்னொரு நாள் சாயங்காலம் தேராவில் ஒரு திர்ஹாம் கொடுத்து அப்ரா படகில் க்ரீக்கைக் கடந்து பாருங்கள். பூங்காக்களில் பார்க்க முடியாதவர்கள் அந்தப் பலகையில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். சிலர் தமிழும் பேசுவார்கள். பேச்சுக் கொடுங்கள். பரிதாபப்பட வேண்டாம், பத்து திர்ஹாம் நீட்டவும் வேண்டாம். எந்த ஊர், என்ன வேலை என்று நாம் ரயிலில் கேட்பதைப்போலக் கேட்டால் போதும்.

அண்ணாச்சிக்கு ஒருமுறை சீட்டு எடுத்துத் தருகிறேன் என்றேன். “புள்ளைக இல்லாம நான் மட்டும் போயி என்னத்தப் பாக்க?” என்றார். அவருடைய மகள் ராஜபாளையத்தில் எட்டாவது படிக்கிறாள். அவள் வந்தால் போகலாம் என்றார். அதற்குச் சம்பளம் 4000 தேவையில்லை, சுற்றுலா விசா போதும் என்று நான் சொல்ல, விமான டிக்கெட்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, “ரெண்டு வருசம் ஆகும்” என்றார்.

அந்தப் பெண் வந்தால் அவளுக்கு எந்தப் பூங்காவைச் சொல்வேன் என்று எனக்குக் குழப்பமே இல்லை. அவள் அப்பா கூரையில் வேலை பார்த்ததைத்தான். உள்ளே நுழைந்ததும் மற்றப் பிள்ளைகள் முன்னால் ஓடுவார்கள், அவள் ஒரு நிமிஷமாவது அண்ணாந்து பார்ப்பாள். கூடவே அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து ‘மேல என்ன?’ என்று கேட்டால், அவர்களுக்குப் பதில் சொல்ல ஆள் அங்கேயே நின்றுகொண்டிருப்பார்.