யார் தரும் கட்டணம்?

2018 அக்டோபரில் தாமிரபரணிக்கு மகா புஷ்கரம்! புண்ணியம் தேடி மூழ்கி எழுந்தனர் இலட்சோபலட்சம் பேர். அதே ஆற்றில் நெல்லை நகரின் சாக்கடையும் கலக்கிறதே, அதைத் தடுக்கும் மந்திரம் எது என்று நாம் கேட்டோம். மந்திரம் இல்லை, குழாய் உண்டு, சுத்திகரிப்பு நிலையம் உண்டு. பணத்தை யார் தருவது?

பாதாளச் சாக்கடையை 30 ஆண்டுத் தேவைக்கு அளவிட்டுப் பதிப்பர். இன்னும் குடிவராதவனையும், பிறவாதவனையும் இன்றே எண்ணியாக வேண்டும். 2011-இல் மாநகர மக்கள் ஏறத்தாழ 4 இலட்சத்து 73 ஆயிரம். 2021-இல் எடுக்கவேண்டிய கணக்கோ அவ்வாண்டு எடுக்கப்படவில்லை. பழைய எண்ணின்மீது புதிய கணிப்பு! சோதிடம்தானே எனச் சிலர் சிரிப்பர். சோதிடன் தன் பிழையை ஒப்புவதில்லை. கணக்கன் மறுபடி எண்ணித் திருத்துவான்.

மிகுத்துக் கணித்தால், வெறுங்குழாய்க்கு ஓட்டுவீட்டுக்காரனும் கடன் சுமப்பான். குறைத்துக் கணித்தால் மனை பிரித்து விற்போர் மகிழ்வர்; கட்டணம் குறையுமல்லவா? செலவு குறையாது, தோழர்களே, ஆள் மாறும்! அந்த ஆற்றையே பருகும் ஸ்ரீவைகுண்டத்தாரும் தூத்துக்குடியாரும் அதை நோயாகக் கட்டுவர். அடைத்த குழியில் இறக்கப்படுபவன் உயிராகவே கட்டுவான். பாதுகாப்பின்றி இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்திருக்கிறது. இறங்குபவன் எந்தச் சாதி என்பதை நாம் சொல்லவும் வேண்டுமோ?

மனைப்பிரிவு போடுவோனிடம் குழாயின் முழுவிலையை வாங்கட்டும் மாநகராட்சி. குடிசைக்கு விலக்கு அளிக்கட்டும். கணிப்பு எப்படிப் போடப்பட்டது என்பதைத் தெருவார் படிக்கத் தமிழில் எழுதி ஒட்டட்டும்.