டீக்கடையில் ஒரு வகுப்பு

இந்தியாவில், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்ய உதவும் சிகிச்சையான ஆக்குபேஷனல் தெரபி படிப்பு 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கரின் முயற்சியால் தொடங்கியது. ஒரு செயலைப் பிரித்துப் பார்ப்பது அதன் அடிப்படைப் பாடம். அதற்குக் கரும்பலகையைவிட சென்னை மாதவரம் லாரி ஸ்டாண்ட் டீக்கடை மேல். சூடான கிளாஸின் விளிம்பைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிடிக்கின்றன. மணிக்கட்டு ஆடாமல் நிற்க, முழங்கை மடங்குகிறது. காலடியில் மேடுபள்ளம், பின்னால் ஹாரன். பக்கவாதத்தில் வலது கை தளர்ந்த டிரைவரை இப்படி டீ குடிக்கவிடாமல் எது தடுக்கிறது? விரலா, தரையா, நாலு பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சமா? மாணவர்கள் விரலோடு நின்றுவிடக்கூடும். பந்தை அமுக்கச் சொல்வது பாதி வைத்தியம்தான். ஆசிரியர்களே, எந்த வேலையைத் திரும்பச் செய்ய ஆசை என்று அந்த டிரைவரிடமே முதலில் கேட்க மாணவர்களைப் பழக்குங்கள்.