வாங்கும் படியும் விற்கும் படியும்

சிங்கப்பூரில் பழைய வீடொன்றை விற்க முன்வந்த நம் அன்பர் ஒருவர், அண்மையில் ஒரு கேள்வியோடு நம்மிடம் வந்தார். 1960-களில் கட்டப்பட்ட வரிசை வீடு அது. வாங்க வந்தவர் விலையை முடிவு செய்யுமுன், உரிமம் பெற்ற மின் பணியாளர் ஒருவரை அழைத்து வந்து வயரிங்கைச் சோதிக்கச் செய்தார். அறிக்கையில் மூன்று குறைகள் கண்டிருந்தன. சில அறைகளில் ரப்பர் உறையிட்ட பழைய கம்பிகள் இன்னும் இருக்கின்றன; இரண்டு மின்சுற்றுகளில் கம்பியின் காப்பு போதவில்லை; மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. கருவி இல்லை. இவற்றைக் காட்டி விலையில் பெருந்தொகையைக் குறைக்கும்படி அவர் கேட்டார்.

"நாற்பது ஆண்டுகளாக இங்கே குடியிருக்கிறோம். ஒருவருக்கும் ஷாக் அடித்ததில்லை. இந்த அறிக்கையை நான் மறுக்கலாமா? மறுத்தால் குற்றமாகுமா?" இதுவே அன்பரின் கேள்வி.

மறுப்பது குற்றமன்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். சோதிப்பவரும் மனிதரே. அவரும் தவறக்கூடும். வயரிங்கை மாற்றும் வேலையும் தமக்கே கிடைக்கும் என்று எண்ணிக் குறையைப் பெரிதாக்குபவரும் இருக்கலாம். காப்பைச் சோதிக்கும்போது 500 வோல்ட் அழுத்தம் கொடுத்து அளக்கிறார்கள். ஒரு மெகாஓமுக்குக் குறைந்தால் அது தேறாது. ஆனால் விளக்கோ மின்விசிறியோ வேறு கருவியோ இணைப்பிலேயே இருந்துவிட்டால், கம்பி நன்றாக இருந்தும் கணக்குக் குறைவாகக் காட்டும். சுவரில் ஈரம் ஏறியிருந்தாலும் அப்படியே. ஆகவே, "எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஒவ்வொரு சுற்றாக மறுபடி அளந்து காட்டுங்கள்" என்று கேட்பது விற்பவரின் உரிமை. "இவற்றுள் எது ஆபத்து, எது இன்றைய விதிக்குப் பொருந்தாத பழைமை மட்டும்?" என்று கேட்பதும் நியாயமே. பழைமை வேறு, பழுது வேறு.

ஆனால் அன்பர் சொன்ன காரணம் இவற்றுள் ஒன்றன்று. நாற்பதாண்டு நலம் வல்ல அல்லாஹ்வின் கருணை. அதற்கு நன்றி செலுத்தக் கடமைப்பட்டிருக்கிறோம். கம்பியின் தரத்துக்கு அதை அத்தாட்சியாகக் காட்ட முடியாது. ரப்பர் உறை வெப்பத்தாலும் வயதாலும் இறுகி வெடிப்பது. அசையாமல் இருக்கும்வரை நன்றாகத் தோன்றும்; யாராவது விளக்கை மாற்றக் கை வைத்தால் உதிரும். நேற்றுவரை தாங்கியது என்பதால் நாளையும் தாங்கும் என்று எப்படிச் சொல்வது?

"வீட்டில் ஃபியூஸ் இருக்கிறதே" என்றும் அவர் சொன்னார். ஃபியூஸ் கம்பியைக் காப்பது. மனிதரைக் காப்பது ஆர்.சி.சி.பி. உள்ளே செல்லும் மின்சாரத்தையும் திரும்பி வரும் மின்சாரத்தையும் அது ஒப்பிட்டுக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் கண்டால் கண நேரத்தில் துண்டித்துவிடும். 40 வாட் விளக்கொன்று எரிய வேண்டிய மின்சாரத்தில் இது ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய கசிவும் மனித உடலில் பாய்ந்தால் உயிருக்கு ஆபத்து. 5 ஆம்பியர் ஃபியூஸுக்கோ அது தெரியவே தெரியாது.

"கட்டிய காலத்தில் சட்டம் இதைக் கேட்கவில்லையே" என்ற வாதத்துக்கும் இன்று இடமில்லை. சிங்கப்பூரில் 1985 ஜூலை முதல் புதிய வீடுகளுக்கு இக்கருவி கட்டாயமாயிற்று. பழைய வீடுகளுக்கும் 2023-இல் விதி வந்து, இரண்டாண்டுத் தவணையும் 2025 ஜூலை முதல் தேதியோடு முடிந்துவிட்டது. வாங்குபவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அதைப் பொருத்த வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அதில் பேரம் ஏது?

அன்பரிடம் நாம் ஒன்று கேட்டோம். "நீங்கள் இன்னொரு வீட்டை வாங்கப் போகிறீர்கள் அல்லவா? அங்கே இதே அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்?" அவர் சற்று மௌனமாக இருந்துவிட்டு, "விலையைக் குறைக்கச் சொல்வேன்" என்றார்.

பிரச்சினையின் வேர் இங்கேதான் இருக்கிறது. திருக்குர்ஆனின் 83-ஆம் அத்தியாயம், தாம் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைத்துக் கொடுப்போரைக் கண்டித்தே தொடங்குகிறது. அரிசிக்கும் துணிக்கும் மட்டுமா அந்த எச்சரிக்கை? வாங்கும்போது ஒரு சோதனையை நம்பி, விற்கும்போது அதே சோதனையைப் பொய்யென்பவரும் கடையில் இரண்டு படி வைத்திருப்பவர்தாம்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியல் ஒன்றினுள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நிகழ்ச்சியை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் நாயகம் அவர்கள். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. ஈரத்தை அடியில் வைத்ததே குற்றம். கம்பி பழையதானதும் அன்பரின் குற்றமன்று. சுவருக்குள் இருக்கும் கம்பியோ, குவியலின் அடியில் இருந்த தானியத்தைவிட மறைவானது.

துணி வணிகம் செய்த இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. குறையுள்ள துணியொன்றை, அக்குறையைச் சொல்லாமலே கூட்டாளி விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டுபிடிக்க முடியாமற்போகவே, அந்தப் பணத்தை இமாம் அவர்கள் தர்மம் செய்துவிட்டார்கள். ஒப்பந்தத்தில் 'உள்ளது உள்ளபடி' என்ற வாசகத்தைச் சேர்த்துவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று எண்ணும் நம்மவர் இதைச் சிந்திக்க வேண்டும். அறிந்தே மறைத்த குறைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் அத்தகைய வாசகம் விடுதலை தருவதில்லை.

ஆகவே அன்பருக்கு நாம் சொன்ன யோசனை இதுதான். ஐயம் இருந்தால், இருவரும் ஏற்கும் மற்றொரு மின் பணியாளரைக் கொண்டு மறுபடி சோதியுங்கள். கூலியைப் பாதிப் பாதியாகக் கொடுங்கள். அவர் சொல்லும் முடிவுக்கு இருவரும் கட்டுப்படுவதாக முன்னரே பேசிக்கொள்ளுங்கள். குறை உண்மையானால் சரி செய்து கொடுங்கள், அல்லது அதற்காகும் நியாயமான செலவை விலையில் கழியுங்கள். அதற்குமேல் ஒரு வெள்ளி கேட்டாலும் தயங்காமல் மறுங்கள். இந்தப் பேரம் முறிந்து வேறொருவர் வாங்க வந்தால், அவர் கேட்காவிட்டாலும் அறிக்கையை அவர் கையில் கொடுங்கள்.

நாளை அந்த வீட்டில் ஒரு குழந்தை ஈரக் கையோடு சுவிட்சைத் தொடும். அப்போது விற்றவர் அங்கே இருக்கமாட்டார். அவர் சொன்னதோ மறைத்ததோ அங்கே இருக்கும்.

உண்மை பேசிக் குறையை வெளிப்படுத்தும் வியாபாரத்தில் பரக்கத் உண்டு என்பது நாயக வாக்கின் கருத்து. வாங்கும்போதும் விற்கும்போதும் ஒரே படியால் அளக்கும் நல்லுள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.