நின்றுவிட்டாள்

ஒரு தொழிலை விட்டு இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்று கேட்கிறவர், தன் காலம் தன் கையில் இருப்பதாக எண்ணிக்கொண்டுதான் கேட்கிறார். உழைக்கும் பெண்ணைப் பொறுத்தவரை முதலில் சோதிக்கவேண்டியது இந்த எண்ணத்தைத்தான்.

பேச்சு வழக்கே சாட்சி சொல்லும். திருப்பூரை ஒட்டிய வேலம்பாளையத்தில், பனியன் கம்பெனியை விட்டு வேறொன்றுக்குப் போன ஆணைத் 'தொழில் மாத்திக்கிட்டாருங்க' என்பார்கள். பெண்ணை 'நின்னுட்டாளுங்க' என்பார்கள். வீட்டுத் திண்ணையில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாலும் அவள் நின்றுவிட்டவள்தான். ஆணின் உழைப்பு ஒரு வழி. அதில் திருப்பங்கள் இருக்கலாம். பெண்ணின் உழைப்பு ஓர் இடைக்கால ஏற்பாடு. அது முடிவடையும், அவ்வளவே. இந்த இலக்கணத்துக்குள் அவளுடைய 'எப்போது'வுக்கு இடமில்லை.

2011இல் திருப்பூர் மாநகராட்சியோடு சேரும்வரை '15 வேலம்பாளையம்' என்ற தனி நகராட்சியாக இருந்த ஊர் இது. இங்கே கைமடியாக நுழையும் பெண், தைப்பவருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை மடித்து, பிசிர் வெட்டியபடி அடுத்தவர் கைவேலையைக் கண்ணால் கற்கிறாள். சாப்பாட்டு நேரத்தில் காலியாகக் கிடக்கும் ஓவர்லாக்கில் உட்கார்ந்து பழகி ஒருநாள் டெய்லராகிறாள். முறையான தொழில் மாற்றம் இது. ஆனால் ஊர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையில் இதற்கு இடமில்லை. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட 'ஃபிரட்டர்னல் கேபிடல்' ஆராயும் கதை ஆண்களுடையது. தொழிலாளிகளாக வந்த கவுண்டர் ஆண்கள் தங்கள் உழைப்பையே முதலாகச் சொல்லி முதலாளிகளானார்கள். அதே உழைப்பு பெண்ணிடம் இருந்தபோது அது முதலாகக் கணக்கில் ஏறவில்லை. சனிக்கிழமைச் சம்பளமாகி அந்த வாரத்திலேயே தீர்ந்துபோயிற்று.

சட்டமும் இந்த இலக்கணத்தில்தான் எழுதப்பட்டது. 1952ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதித் திட்டம், வேலையை விட்டவர் பணத்தை எடுக்க இரண்டு மாதம் பொறுக்க வேண்டும் என்றது. திருமணத்துக்காக விலகும் பெண்ணுக்கு மட்டும் அந்தக் காத்திருப்பு இல்லை. சலுகைதான். ஆனால் அதற்கு அடியிலிருக்கும் நம்பிக்கையைக் கவனிக்கவேண்டும். ஆண் திரும்பவும் வேலைக்கு வரக்கூடும், அதனால் பொறுத்துப் பார்க்கலாம். மணமாகிறவள் திரும்பமாட்டாள், பொறுக்க என்ன இருக்கிறது?

இது கூலிக்காரிக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 1949இல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் முத்தம்மா. திருமணத்துக்கு எழுத்துமூலம் அனுமதி பெறவேண்டும், மணமானபின் குடும்பப் பொறுப்பு கடமைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா கேட்கலாம் என்பது அந்தப் பணியின் விதி. அவர் தொடுத்த வழக்கில் 1979இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அவ்விதியைக் கடுமையாகச் சாடினார். கொங்கு வட்டார நூற்பாலைகளின் 'சுமங்கலித் திட்டம்' இதன் மறுபக்கம். ஏறத்தாழ மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைத்தால் முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை; இடையில் விலகினால் அது கைக்கு வராமலே போகலாம். அதிகாரியிடம் 'போ' என்று சொல்லக்கூடிய தேதியும், ஆலைப்பெண்ணிடம் 'போகாதே' என்ற தேதியும் ஒரே இடத்தில்தான் எழுதப்பட்டன. இரண்டுமே அவர்கள் எழுதியவையல்ல.

சரி, இந்தத் தேதிகளையெல்லாம் அழித்துவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அப்போதாவது அவளுக்குத் தெரியுமா, எப்போது என்று?

வழக்கமான பதில், 'தாங்கமுடியாதபோது' என்பது. இதை ஏற்கமுடியாது. தாங்கமுடியாதபோது விலகுவது தீர்மானமல்ல, பொறுமையின் தோல்வி. பொறுமையைப் பெண்ணின் குணமாகப் போற்றிவந்த சமூகம் அவளுக்குக் கொடுத்த கடிகாரம் அது ஒன்றுதான். கண் மங்கும்வரை, இடுப்பு விடும்வரை, ஒன்றரை ஷிப்ட் முடிந்து வந்து உலை வைக்கக் கை எழாதவரை இருந்துவிட்டு, பிறகு 'நின்றுவிடுவது'. அப்போது மாற எதுவும் மிச்சமிருப்பதில்லை. இருக்கவும் முடியும் என்ற நிலையில் விலகுபவளே விலகுகிறாள், மற்றவர்கள் விலக்கப்படுகிறார்கள். ஆகவே மாறுவதற்கான நேரம் சகிப்பு முடியும் இடத்தில் இல்லை. அதற்கு வெகு முன்னால், கை இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அது வந்துவிடுகிறது. பெரும்பாலும் காரணம் சொல்லமுடியாத ஒரு கணமாக வருவதால்தான் அது பேராசையாகவோ திமிராகவோ மற்றவர்களுக்கும், சில வேளை அவளுக்குமே, தோன்றிவிடுகிறது.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். சிமோன் வெய்ல் தத்துவ ஆசிரியையாக இருந்து 1934 டிசம்பரில் தொழிற்சாலைக்குப் போனார். தாங்கமுடியாமல் போனவரல்ல, தேர்ந்து போனவர். ஆனால் விடுப்பு எடுத்துக்கொண்டு போனவர். 1935இல் திரும்பிவர அவருக்கு ஒரு வகுப்பறை இருந்தது. வேலம்பாளையத்துப் பெண்ணுக்குத் திரும்ப என்ன இருக்கிறது? ஆட்சேபம் நியாயமானது. நாம் சொன்ன கணம் ஒரு மனநிலை மட்டுமல்ல, அதற்கு விலை உண்டு என்பதை அது காட்டுகிறது. வைப்புநிதி ஓய்வூதியத்துக்குப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஒவ்வொரு முறை நிற்கும்போதும் மொத்தப் பணத்தையும் எடுத்துவிட்டால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்குகிறது. கல்யாணத்துக்கு ஒரு முறை, பிரசவத்துக்கு ஒரு முறை, மாமியார் படுத்துவிட்டதற்கு ஒரு முறை என்று இருபது வருஷம் தைத்தவளின் கணக்கில் பத்து வருஷம் சேராமலே போகலாம். 'நின்னுட்டா' என்ற சொல் கடைசியில் கணக்குப் புத்தகத்திலும் ஏறிவிடுகிறது.

ஆகவே எப்போது என்று அவளுக்கு உபதேசிப்பது அபத்தம். அவளுக்கு அது தெரியாததல்ல. கழிந்த வருஷங்களை அழியாமல் அடுத்த இடத்துக்கு எடுத்துச் செல்ல முடிகிறதா என்பதுதான் கேள்வி. அவள் பெயரில் ஒரு மெஷின், எடுக்காமல் விட்ட வைப்புநிதி, குழந்தையைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஜோடிக் கை: நம் தத்துவ விவாதங்களில் இடம்பெறாத இவைதாம் அவளுடைய சுதந்திரத்தின் எல்லைகளை வரைகின்றன. இவை இருக்கும்போது அவள் தவறான நேரத்தில் மாறினாலும் அது அவளுடைய தவறு. அதற்கும் அவளுக்கு உரிமை உண்டு. இல்லாதபோது சரியான நேரத்தில் விலகினாலும் ஊர் சொல்லப்போவது அந்த ஒரு சொல்லைத்தான்.