பாடும் நாவும் நம்பும் நெஞ்சும்

தான் நம்பாத ஒன்றைப் புலவன் பாடலாமா? இக்கேள்வி ஏட்டோடு நின்றுவிடுவதில்லை. 1917இல் மலாயாவின் முதல் வாணிகச் செம்பனைப் பயிரைக் கண்ட தென்னமரம் முதலாக, கோலசிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில் மாரியம்மன் திருவிழா வந்தால், நல்ல குரல் உடையவனைத் தேடி ஆள் போவது வழக்கமாயிருந்தது. அவன் அதே லயத்துக் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளையாக இருப்பதும் உண்டு. "தம்பி, அம்மனுக்கு ஒரு பாட்டுப் பாடேன்" என்று கேட்பவருக்கு அதில் குறையேதும் தோன்றாது. கேட்கப்பட்டவன் நெஞ்சில்தான் முள் தைக்கும். பாடினால் தன் நம்பிக்கைக்கு இரண்டகம்; மறுத்தால் உடன் பால்மரம் வெட்டுவோரோடு மனத்தாங்கல்.

இதே முள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் ஒருவரைத் தைத்தது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார், சுவார்ட்சு பாதிரியாரிடம் பயின்றவர். மன்னர் இரண்டாம் சரபோசியும் அவரிடம் பயின்றவரே. மக்கள் விரும்பிய குறவஞ்சி வடிவத்தை எடுத்துக் குறத்தியும் குறியும் சிங்கனும் சிங்கியும் அமையப் பெத்லகேம் குறவஞ்சியைச் சாஸ்திரியார் பாடினார். அதில் சிங்கன் ஞானமாகவும் சிங்கி விசுவாசமாகவும் வருகின்றனர். இதுபோலப் பெருவுடையார்மீதும் ஒரு நூல் செய்யுமாறு மன்னர் கேட்டார் என்றும், சாஸ்திரியார் மறுத்தார் என்றும் அவர் வரலாறு கூறுவோர் சொல்வர். ஆதரிக்கும் அரசரிடம் 'இயலாது' எனச் சொல்லும் துணிவு எல்லாப் புலவர்க்கும் வாய்ப்பதில்லை.

பிறர் வடிவத்தைத் தயங்காமல் எடுத்துக்கொண்டவர் பிறர் தெய்வத்தைப் பாட ஏன் தயங்கினார்? இதற்கு விடை இலக்கணத்திலேயே உள்ளது. படர்க்கையில் எவரைப் பற்றியும் எவரும் பாடலாம். நந்தனார் கதையைக் கிறிஸ்தவர் ஒருவர் உருகிச் சொன்னால் அதில் பொய் இல்லை. பக்திப் பாட்டோ முன்னிலையில் நிற்பது; எட்டாம் வேற்றுமையால் உயிர் பெறுவது. 'தாயே' என்று விளிப்பவன், கேட்பவள் ஒருத்தி எதிரே இருக்கிறாள் என்று ஒப்புக்கொள்கிறான். கூத்தில் இராவணனாக வருபவனை எவரும் அரக்கன் என்று நம்புவதில்லை. அது வேடம் என்பது அவனுக்கும் தெரியும், அவையோர்க்கும் தெரியும். தொழுகையில் வேடம் கட்டினால் ஏமாறுவோர் உடன் தொழுவோரே.

மாயூரத்தில் முன்சீப்பாக இருந்த வேதநாயகம் பிள்ளை (1826–1889) வேறு வழி கண்டார். கத்தோலிக்கரான அவர் 1878இல் வெளியிட்ட சர்வ சமய சமரசக் கீர்த்தனையில், எச்சமயத்தாரும் நா கூசாமல் விளிக்கக்கூடிய ஓர் இறைவனை முன்னிறுத்தினார். அக்கீர்த்தனைகள் கச்சேரி மேடைகளிலும் இடம்பெற்றன. ஆயினும் இவ்வழியிலும் ஓர் இழப்பு உண்டு. மழை பொய்த்தபோதும் பிள்ளைக்கு அம்மை கண்டபோதும் தோட்டத்துப் பெண் 'மாரி' என்று பெயர் சொல்லியே அழைத்தாள். பொதுப்பெயர் அவளுக்குப் போதியிராது.

பிள்ளை 1876–78 பஞ்சத்தில் பசித்தோர்க்குத் தம் பொருளை வாரி வழங்கினார். நந்தனார் சரித்திரம் பாடிய சைவரான கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து பாடினார். பிள்ளையின் சமயத்தைப் பாட வேண்டிய தேவை பாரதியார்க்கு எழவில்லை. கண்ணால் கண்ட ஈகையைப் பாடினார். அதில் நாவுக்கும் நெஞ்சுக்கும் பிணக்கு நேரவில்லை.

சாஸ்திரியாரின் உறுதியைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தையும் பார்த்தல் தகும். திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று பின்வந்த பாதிரிமார் வற்புறுத்தியபோது, அவர் சாதி வழக்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். மன்னரை மறுத்த அதே நா, உடன் வணங்குவோரைச் சமமாய் ஏற்கவும் மறுத்தது. நெஞ்சறிய நிற்பவன் நெஞ்சும் பிழைபடக்கூடும். உறுதி ஒன்றே உண்மைக்குச் சான்றாகிவிடாது.

இனி, தமிழ்ப்பள்ளி ஒன்றில் காலை வணக்கப் பாட்டின்போது ஒரு சிறுவன் வாய்மூடி நிற்பதாகக் கொள்க. ஆசிரியர் பிரம்பை எடுத்தால் நாளை முதல் அவன் வாயசைப்பான். நம்பாததை நம்புவதுபோல் காட்டும் கலையை ஆசிரியரிடமே கற்றவன் ஆவான். அவனை அவ்வாறே நிற்க விட்டால், "அவன் ஏன் பாடவில்லை, ஐயா?" என்று மற்றப் பிள்ளைகள் கேட்பர். அக்கேள்விக்கு விடை சொல்ல அன்றைய இலக்கணப் பாடவேளை முழுதும் கழிந்தாலும் கழியட்டும்.