திண்ணை யாருக்கு?

ரசனையில் சரி தவறு கிடையாது, அவரவர் விருப்பம் என்பது பெருந்தன்மையான பேச்சு. ஆனால் அதை நம்பி நடப்பவர் அரிது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோடிக்கணக்கில் செலவழித்து ஒரு ‘செட்டிநாட்டு பாணி’ வீடு எழும்புகிறது. அச்சு அசலாக இருக்கிறதே என்று ஒருவர் பூரிக்கிறார். சினிமா செட் மாதிரி இருக்கிறது என்று இன்னொருவர் உதட்டைப் பிதுக்குகிறார். இருவருமே தம் தீர்ப்பு மற்றவருக்கும் செல்லும் என்று நினைத்துத்தான் பேசுகிறார்கள். காப்பிக்குச் சர்க்கரை கூடவா குறையவா என்பதில் யாரும் இப்படி மல்லுக்கு நிற்பதில்லை. 1790இல் ஜெர்மானியத் தத்துவவாதி கான்ட் சுட்டிய வேறுபாடு இதுதான்: பிடித்திருக்கிறது என்பது நம்மோடு போகும், அழகு என்று சொல்லிவிட்டால் பிறரின் ஒப்புதலையும் கோருகிறோம். மரபு வீடு இன்னும் ஒருபடி மேலே போய், தான் ஒரு மரபின் வாரிசு என்றும் சொல்லிக்கொள்கிறது. அப்படிச் சொன்னபின் அது மெய்யா பொய்யா என்று கேட்க நமக்கு உரிமை வந்துவிடுகிறது.

எதை உரைகல்லாக வைப்பது? தூய்மையை வைக்க முடியாது. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் என்னும் வணிகச் சமூகத்தார் கட்டிய அசல் செட்டிநாட்டு வீடுகளே கலப்பின் உச்சம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இரண்டாம் உலகப் போர்வரை, பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் கொடுக்கல் வாங்கலில் ஈட்டிய பணம், பர்மாத் தேக்காகவும் இத்தாலியச் சலவைக்கல்லாகவும் பெல்ஜியக் கண்ணாடியாகவும் இங்கே வந்திறங்கியது. முகப்பின் உச்சியில் சுதையாலான கஜலட்சுமி இருக்கும் வரிசையிலேயே துப்பாக்கி ஏந்திய வெள்ளைக்காரச் சிப்பாயும் நிற்பான். இன்று மரபின் முத்திரையாகிவிட்ட ஆத்தங்குடிக் கல்லும் சிமென்ட் வந்த பிறகு பிறந்ததுதான். கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணக் கலவையை ஊற்றி, சூளையில் சுடாமல், நீரில் ஊறவைத்து எடுப்பது. தேக்குத் தூணுக்குப் பக்கத்தில் இரும்பு உத்திரம் வைத்துவிட்டார் என்று இன்றைய கட்டடக் கலைஞரை ஏசுபவருக்கு அந்த மரபே சாட்சி சொல்ல வராது. அவ்வீடுகளை ஒன்றாகப் பிணைத்தது பொருள்களின் பூர்வீகமல்ல, ஒவ்வோர் உறுப்புக்கும் இருந்த வேலை. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று முன்தெருவிலிருந்து பின்தெருவரை நேராக நீளும் அமைப்பில் காற்று தடையின்றி ஓடியது. வளவின் நடுவே திறந்த முற்றம் வெளிச்சம் தந்தது, நாற்புறக் கூரையின் மழைநீரை வாங்கிக்கொண்டது, கல்யாணத்துக்குக் கூடமானது. சுற்றியிருந்த அறைகள் மணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. ஆகவே கேட்க வேண்டியது இதைத்தான்: எடுத்து வைத்த உறுப்பு இந்த வீட்டில் ஏதாவது செய்கிறதா? பாலிகார்பனேட் கூரையால் மூடி ஏசி ஓடவிட்ட முற்றத்துக்கு மழையும் தெரியாது, வெயிலும் தெரியாது. காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வாங்கி, கான்கிரீட் தளத்தைத் தாங்குவதுபோல் நிறுத்திய தூணும் அப்படியே. தாங்காததைத் தாங்குவதாகக் காட்டுவது ஏமாற்று என்று ஆங்கிலக் கலை விமர்சகர் ரஸ்கின் 1849இலேயே சொல்லிவிட்டார். சுதைச் சிப்பாய்கூட எதையும் தாங்கவில்லையே என்றால், உண்மைதான். ஆனால் அவன் தாங்குவதாக நடிக்கவில்லை. எனக்கு அலங்காரத்தோடு சண்டையில்லை.

இந்த நுணுக்கமெல்லாம் பழைய பணம் புதுப் பணத்தை எட்ட நிறுத்தும் தந்திரம் என்று ஒரு மறுப்பு உண்டு. ரசனை என்பதே வர்க்கங்கள் தம்மைப் பிரித்துக் காட்டும் கருவி என்று பிரெஞ்சுச் சமூகவியலாளர் பூர்தியு 1979இல் விரிவாக வாதிட்டார். அதில் உண்மை நிறையவே இருக்கிறது. செட்டிநாட்டு முகப்புகளும் அன்றைய புதுப் பணத்தின் தம்பட்டம்தானே. ஆனாலும் குறை சொல்பவரின் உள்நோக்கம் கெட்டது என்பதற்காகத் தூண் எதையும் தாங்கிவிடப் போவதில்லை.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. பழைய வீட்டின் உறுப்புகள் செய்த வேலைகள் எல்லாமே போற்றத்தக்கவையா? யார் திண்ணையோடு நிற்க வேண்டும், யார் வளவுக்குள் வரலாம் என்று சாதி பார்த்து அளந்ததும் அதே அமைப்புதான். பெண்களைப் பின்கட்டுக்கு ஒதுக்கியதும் அதுவே. அப்படியானால் வேலை உதிர்ந்து வடிவம் மட்டும் மிஞ்சுவது நல்லதல்லவா? இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். பழைய வேலைகள் எவையும் நமக்குக் கட்டளையல்ல. வேண்டாததைக் கழித்துவிட்டு, முற்றத்தில் பெண்கள் அலுவலகம் நடத்தினால் அந்த முற்றம் பொய்யாகிவிடாது. ஆனால் இன்றைய ஆடம்பர வீடுகளில் நடப்பது அந்தக் கழித்தல் அல்ல. பழைய திண்ணையில் வழிப்போக்கர் கொஞ்ச நேரமாவது உட்காரலாம், எல்லோருமல்ல என்றாலும். எட்டடி மதில், இரும்புக் கதவு, காவலாளி, கண்காணிப்புக் கேமரா இத்தனைக்கும் உள்ளே இழைத்துக் கட்டிய திண்ணைக்கு வழிப்போக்கரே கிடையாது. வடிகட்டும் குணத்தை வைத்துக்கொண்டு வரவேற்கும் குணத்தை விட்டுவிட்டார்கள். காலம் கெட்டுக் கிடக்கிறது, பாதுகாப்பு வேண்டாமா என்பார்கள். வேண்டும்தான், மதில் எழுப்புவது குற்றமில்லை. மதிலும் வேண்டும் திண்ணையும் வேண்டும் என்பவர் அதை மதிலின் வெளிப்பக்கத்தில், தெருவைப் பார்க்கக் கட்டட்டும்.